மாதிரி எடுத்த இடம்

திருச்செங்கோட்டு ரிக் வண்டியில்
குழாய் மாட்டுகிற காளியண்ணன், வயது முப்பத்து நாலு.
ராய்ப்பூருக்கு அந்தாண்டை
தொள்ளாயிரம் அடியில் யாருக்கோ தண்ணீர் தேடும்போது
இரும்பு சரிந்து கிழித்த கெண்டைக்கால்.
ஊர் திரும்பும் வழியெல்லாம் மருந்துக்கடை.
நாக்பூரில் ரெண்டு மாத்திரை,
கர்நூலில் மூன்று,
வலி விட்டதும் மிச்சம் சட்டைப்பையில்.

அந்தச் சீழ் இப்போது
நாமக்கல்லில் என் மேசையில், ஒரு கண்ணாடித் தட்டில்,
மோர் கொட்டிக் காய்ந்ததுபோல் படர்ந்திருக்கிறது.
மேலே ஆறு மருந்து வில்லைகள்.
மருந்து வென்றிருந்தால்
வில்லையைச் சுற்றி ஒரு வட்டம்
துடைத்துவிட்டதுபோல் தெளிந்திருக்கும்.
ஸ்கேலை வைத்து அளக்கிறேன்.
ஆறு. ஆறு. ஆறு. ஏழு. ஆறு.
வில்லையின் அகலமே ஆறு மில்லிமீட்டர்.
புரிகிறதுங்களா,
ஒரு மயிரிழைகூட எவனும் விலகி உட்காரவில்லை.
கடைசி வில்லைக்கு மட்டும் பதினெட்டு.
அந்த ஊசி ஸ்டோரில் நாலு நாளைக்குத்தான் இருக்கிறது.

மாதம் ஒரு படிவம்.
இங்கிருந்து சென்னைக்கு, சென்னையிலிருந்து டில்லிக்கு.
நாடு முழுக்க ஒரே படிவமாம், ஒரே அளவாம்.
'மாதிரி எடுத்த இடம்' என்று அதில் ஒரு வரிசை:
மனிதர். கால்நடை. நீர்.
பதினோரு மாதமாக முதல் கட்டத்தில் மட்டும்தான் என் டிக்.
கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில்
கால்நடைத் துறைக்காரருக்கு என் பக்கத்து நாற்காலி.
"உங்க பக்கம் எப்படிங்க?" என்றார்.
"உங்க பக்கம் எப்படிங்க?" என்றேன்.
முறுக்கும் டீயும் வந்தன.

பரமத்திப் பக்கம் எங்கள் தோட்டத்தில்
நாலாயிரம் கறிக்கோழி.
குஞ்சும் தீவனமும் கம்பெனி,
கரண்டும் கூலியும் நாங்கள்.
தண்ணீர்த் தொட்டியில் கலக்கும் பொடிக்கு
என் வீட்டுக்காரர் சென்னியப்பன் வைத்திருக்கும் பேர் சத்து.
சளி வந்தாலும் சத்து, வராமலிருக்கவும் சத்து.
பையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்த பெயரை
ஒரு நாள் சாயங்காலம்தான் படித்தேன்.
அன்று காலை
அதே பெயருக்கு நேரே ஆறு என்று எழுதிவிட்டு வந்திருந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை.
கொட்டகைக் கடன் இருந்தது, பையனின் ஃபீஸ் இருந்தது.
படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை.

காளியண்ணனுக்கு ஊசி தீர்ந்த இரவு
பஞ்சுக்குச்சி பத்து எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனேன்.
தேங்காய்நார்த் தூளின்மேல் வெள்ளை வெள்ளையாய்ப் படுத்திருந்தன.
"என்னம்மணி இந்நேரத்துல?"
"ஆறா ஏழான்னு பாக்கோணும்."
மேலே ஒன்றும் கேட்கவில்லை.
ஒவ்வொரு கோழியாய்த் தலைகீழாகப் பிடித்துக் கொடுத்தார்.

பத்துத் தட்டில் எட்டுத் தட்டு ஆறு.

அங்கிருந்து இங்கே வந்ததா,
இங்கிருந்து அங்கே போனதா,
இரண்டும் வேறு எங்கிருந்தோவா,
ஸ்கேலுக்கு அதெல்லாம் தெரியாது.
எனக்கும் தெரியாது.
தெரிந்துகொள்ளத்தானே படிவம்?
இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டேன்.
பண்ணையின் பெயர் என்ற இடத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பக்கத்துக் காட்டுக்காரர் பெயர்கூட ஞாபகத்துக்கு வந்தது.
எங்கள் சர்வே எண்ணை எழுதினேன்.

காளியண்ணன் பிழைத்தார்.
முழங்காலுக்குக் கீழே பிழைக்கவில்லை.
டிஸ்சார்ஜ் அன்று சட்டைப்பையிலிருந்து
அந்த மிச்ச மாத்திரைகளை எடுத்துத் தந்தார்,
"யாருக்காச்சும் ஆகுமுங்களா?"

அடுத்த கூட்டத்தில் முறுக்கு வருவதற்கு முன்பே
எட்டுத் தட்டின் படங்களையும் பக்கத்து நாற்காலியில் வைத்தேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு
"இது யார் பண்ணைங்க?" என்றார்.
"என்றதுங்க."

அடுத்த பேட்ச்சுக்குக் கம்பெனித் தம்பி பை இறக்க வந்தபோது
சென்னியப்பன் பொடியைத் திருப்பி வண்டியில் ஏற்றினார்.
"செத்தாச் செத்துட்டுப் போகுதுங்க தம்பி."
செத்தன. நூற்று நாற்பது.
குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடிவிட்டு
எண்ணிக்கையைக் காலண்டரில் குறித்து வைத்தார்.
அந்த எண்ணுக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்று
டில்லிக்குத் தனியாக எழுதிப் போட்டிருக்கிறேன்.