நாலு பைசா பாக்கி

ரூவியில் ஹோண்டா தெருவுக்குப் பின்னால்
ஆறு பங்குக்கு ஒரே வண்டி.
பழைய ஹையேஸ். வெள்ளை என்று முல்கியாவில் இருக்கிறது.
முல்கியா உம் சுலைமான் பேரில்,
டயர் சஜீவன் கடன்,
ஏசி வேலை செய்யும் நாட்களில் எல்லோருக்கும் சொந்தம்.

விடியற்காலை நாலு மணி ஜெசிந்தாவின் மாவு வாளிகள்.
வேறு எது காத்திருந்தாலும் சரி,
புளிப்பது முதலில் ஏறும்.
அதுதான் நாங்கள் போட்ட முதல் சட்டம்.
இரண்டாவதைப் போட உட்கார்ந்து
இன்னும் முடிக்கவில்லை.

பிறகு சஜீவனின் ரொட்டித் தட்டுகள்,
ஷஃபிகுல் தேய்த்து மாட்டிய சட்டைகள்,
வியாழன் மாலை கல்யாண வீடுகளுக்கு உம் சுலைமானின் அல்வா.
என் டைப்பிங் கடைக்கு
வாரம் ஒரு கட்டு காகிதம், அவ்வளவுதான்.
அதனால் கணக்கு நோட்டு என் தலையில்.

நேர அட்டவணையை நான்கு எழுத்துகளில் அடித்து
கதவின் உட்புறம் ஒட்டினேன்.
ஓட்டுநர் குல் ஜமான் நான்கையும் பார்ப்பதில்லை.
கேட்டால் மூக்கைத் தொட்டுக் காட்டுகிறான்.

ஒருமுறை வங்கி மேலாளர் சட்டையில்
குங்குமப்பூவும் ஏலக்காயும் மணத்தன.
ஷஃபிகுல் மன்னிப்புக் கேட்கப் போனான்.
அடுத்த வாரமும் அப்படியே வேண்டும் என்றாராம்.

இரவு வண்டி சும்மா நிற்கும்.
சும்மா நிற்பதை ஆறாவது பங்காக
அன்வர்தீனின் ரத்ததானக் குழுவுக்குக் கொடுத்தோம்.
அவர்களிடம் காசு கிடையாது,
எழுநூறு பேரின் போன் நம்பரும் ரத்த வகையும் உண்டு.
ஷஃபிகுலுக்கு ஆள் கிடைத்ததும்
ஜெசிந்தாவுக்கு முகாம் மெஸ் ஒன்று கிடைத்ததும்
அந்தப் பட்டியலிலிருந்துதான்.

ஆடி மாதக் கடைசியில் வந்தது அபராதம்.
குரும் இறக்கம், இரவு இரண்டு பத்து,
பத்து ரியால்.

கரக் கடையில் கூடினோம்.
"என் ரொட்டி அப்போது அடுப்புக்கே போகவில்லை"
என்றான் சஜீவன். நியாயம்தான்.
என் காகிதமும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது,
நான் சொல்லவில்லை.
அன்வர்தீன் எச்சில் விழுங்கிவிட்டுச் சொன்னான்:
காலா முகாமில் ஒரு வெல்டர், ஓ நெகட்டிவ்.
ஆஸ்பத்திரியில் ஒரு பிரசவம்.
குழந்தை பெண்ணாம். பெயர் தெரியாது.
எந்த நாடு என்றும் கேட்கவில்லை.

"மிதித்தது நான். சம்பளத்தில் பிடியுங்கள்"
என்றான் குல் ஜமான், டீயைப் பார்த்தபடி.

உம் சுலைமான் கோப்பையை வைத்தாள்.
"கால் உன்னுடையது, வண்டி என்னுடையது.
ராத்திரி யாருடையது, அதைச் சொல்."

யாரும் சொல்லவில்லை.
மாதக் கடைசியில் எப்போதும் கடன் சொல்லும் ஷஃபிகுல்
ஒன்றரை ரியாலை மேசையில் வைத்து
சில்லறைக்குச் சட்டைப்பையைத் துழாவினான்.
சஜீவனும் கொடுத்தான். கொடுத்துவிட்டு
அட்டவணையை மாற்றவேண்டும் என்றான்.
இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பத்தை ஆறால் வகுத்தேன்.
ஆளுக்கு ஒரு ரியால் அறுநூற்று அறுபத்தாறு பைசா.
மீதி நாலு.

நாலு பைசாவுக்கு இந்த நாட்டில் நாணயம் கிடையாது.
ஐந்தாகக் கொடுத்துவிடலாம், யார் கொடுப்பது?
நான் போட்டுவிடுகிறேன் என்று ஜெசிந்தா சொன்னதும்
ஐந்து பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம்.
ஏன் என்று எனக்கும் தெரியாது.

அபராதத்தை நான்தான் கட்டினேன், என் கடைக் கணினியில்.
நோட்டில் மட்டும் அந்த வரியை அடைக்கவில்லை.
ஒவ்வொரு மாதமும் கீழிருந்து மேலே
கொண்டுபோய் எழுதுகிறேன்.

நேற்று பழைய நோட்டு தீர்ந்தது.
புதியதை விரித்ததும் எட்டிப் பார்த்த சஜீவன்
"அது இருக்கா?" என்றான்.

முதல் வரியைக் காட்டினேன்.
முன்பாக்கி: பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் நாலு.

வெளியே வண்டி ஹாரன் அடித்தது.
மாவு ஏறியாகிவிட்டது.