முறிவதற்கென்று ஓர் ஆணி

இருபத்தைந்து டாலர் என்றார் ஹார்லன் ட்வைட்.
பேரம் பேசவில்லை. நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தின்
கடைசி இருக்கையில் படுக்கவைத்துக் கொண்டுவந்தேன்.
(பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகுதான். சொல்லிவைப்பது நல்லது.)
ரெய்னி ஏரியை ஒட்டிய வளைவுகளில்
புரண்டு புரண்டு ஏதோ முனகிக்கொண்டே வந்தது.

ஐம்பத்தைந்தில் செய்த படகு மோட்டார், பத்துக் குதிரை.
மூடியைத் திறந்தால் எலிக்கூடு:
மெத்தைப் பஞ்சு, மீன்பிடி உரிமத்தின் கால்வாசி,
எந்த வருடத்ததோ, சூரியகாந்தி விதைத் தோல்.
காயில்கள் இரண்டும் காய்ந்த ரொட்டியாய் வெடித்திருந்தன.
கார்புரேட்டரின் தக்கை மிதவையை
நகத்தால்தான் தொட்டேன். உதிர்ந்தது.

நிலவறையில் மேசை. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
டெல்மருக்குக் காகித ஆலையில் இரவு வேலை,
பகலெல்லாம் என் தலைக்கு நேர் மேலே தூங்குகிறான்.
ஆகவே பகலில் திருகலாம், துடைக்கலாம், தேய்க்கலாம்;
தட்டக் கூடாது.
மேல்சக்கரம் கழல ஒரே ஓர் அடி போதும்.
அந்த ஓர் அடிக்காக இரவு பதினொன்றுவரை
சுத்தியலும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்,
சாப்பாட்டுப் பெட்டியை மறந்தேன் என்று
அவன் திரும்பி வரமாட்டான் என்பது உறுதியாகும்வரை.

பாயிண்ட் இடைவெளி பார்க்க அளவுத் தகடு இல்லை.
பல் டாக்டர் கொடுத்த அட்டை பொருந்தியது.
அதிலிருந்த தேதி போய்விட்டது, பல் இன்னும் வலிக்கிறது.

கீழ்ப்பெட்டி எண்ணெய் பால் விட்ட காப்பியாய் வடிந்தது.
கியரில் ஒரு பல் காணோம்.
ப்ரொப்பெல்லரை உருவியபோதுதான் புரிந்தது:
பித்தளை முளை இருக்கவேண்டிய துளையில்
தலை வெட்டிய இரும்பாணி.

வண்டிக்கு அச்சாணி முறிந்தால் குடி கெட்டது.
இது அப்படியல்ல. இதை முறியவென்றே செய்கிறார்கள்.
பாறையில் மோதினால் தான் போய்
மற்றதையெல்லாம் விட்டுவைக்கும்,
தீக்குச்சியைவிடக் குட்டைப் பித்தளை.
அந்த இடத்தில் யாரோ,
இனியொரு முறை முறிந்தால் தாங்காது என்று
ஆணியை இறக்கியிருக்கிறார்கள்.

ட்வைட்டுக்குப் போன் செய்தேன்.
அந்தப் பக்கம் வெகுநேரம் வானொலி மட்டும்,
கோதுமை விலை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.
"நான்தான். அன்றைக்குக் காற்று," என்றார்.
பிறகு, "கரை சேர்த்தது," என்றார்.
யாரை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.
"கியர் என்ன ஆச்சு?"
"ஒரு பல் போச்சு."
"ஒன்றுதானா," என்று வைத்துவிட்டார்.

டூலூத்திலிருந்து வந்த பழைய கியர்
மோட்டாரைவிட விலை அதிகம்.
டெல்மரிடம் பாதி சொன்னேன்.

மே மாதம். குப்பைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி
விளிம்பில் மாட்டிக் கயிற்றை இழுத்தேன்.
ஒன்பதாவது இழுப்பில் ஒரு தும்மல்.
பன்னிரண்டில் பிடித்துக்கொண்டது.
நீலப் புகையில் வேலி காணாமல் போக,
மாடி ஜன்னலில் உள்பனியனோடு டெல்மர்.
வாய் அசைவது தெரிந்தது. நல்லவேளை, அவ்வளவுதான்.

ஜூனில் ஏரிக்குப் போனோம், அதுவும் நானும்.
வரைபடத்தில் இல்லாத ஒரு கல்.
டக்.
மோட்டார் முன்னைவிட உற்சாகமாய்க் கத்துகிறது.
படகு நின்றுவிட்டது அதற்குத் தெரியாது.
அணைத்தேன்.
அப்புறம் நீர், படகின் வயிற்றில் அறைவது மட்டும்.

காற்று இல்லை. எனக்காக யாரும் எங்கும் காத்திருக்கவில்லை.
மூடிக்குள் நாடா போட்டு ஒட்டிய மூன்று முளைகள்;
கோட்டுப் பையில், எதற்கென்று தெரியாமல்
எடுத்துவந்த ட்வைட்டின் ஆணி.
மோட்டாரைச் சாய்த்துவிட்டு
பின்பலகையில் குப்புறப் படுத்தேன்.
குறடு தவறி, விரலில் ரத்தம்.
முறிந்த பித்தளையின் பாதி தண்ணீரில் விழுந்தது.
மற்றப் பாதி வர மறுக்கிறது.
அதைத் தள்ள ஏதாவது வேண்டும்,
மெல்லியதாய், முறியாததாய்.

பைக்குள் கைவிட்டேன்.