நின்று குடிக்கும் காபி

துறைமுகச் சதுக்கத்தில்
உட்கார்ந்து குடித்தால் ஏழு யூரோ,
நின்றபடி என்றால் ஒன்றேகால்.
மிச்சமெல்லாம்
கடலைப் பார்க்கும் நாற்காலிக்கு வாடகை.

நாங்கள் நிற்கிறோம்.
படகுகளுக்கு இடம் பிரித்துக் கொடுக்கும் ஒரேஸ்தே,
நெத்திலி வாசம் போகாத கையோடு தெல்ஃபீனா,
பதினான்கு வீட்டுச் சாவிகள் இடுப்பில் கனக்க நான்.
கடல் முதுகுக்குப் பின்னால்.
காபி இயந்திரத்தின் செம்புத் தகட்டில்
வளைந்து நெளிந்து கொஞ்சம் தெரியும்.
காலைக்கு அது போதும்.

ஜூலையில் வெள்ளைக் கப்பல்கள் வரும்.
செருப்பைக் கையில் பிடித்தபடி ஒருத்தி இறங்குவாள்.
ரோஜா நிறச் சுவர்களில் பாதி ஜன்னல்கள்
வெறும் பெயின்ட் என்பது தெரியாமல்
அண்ணாந்து படம் எடுப்பாள்.
ஈர முடி சொட்டச் சொட்ட
எலுமிச்சை என்ன விலை என்பாள்.
விலை மறந்து நிற்பான் பழக்கடைக்காரன்.
குறை சொல்லமாட்டேன்.
அழகு வந்து இறங்கினால்
ஊரே கொஞ்சம் வயிற்றை உள்ளிழுத்துக்கொள்கிறது,
நானும்தான்.

நவம்பரில் எல்லாம் பூட்டிக் கிடக்கும்.
ஈரம் ஏறாமல்
வாரம் ஒருமுறை திறந்து மூடுவது என் வேலை.
மூன்றாம் மாடி, மிலான்காரர் பால்கனி.
நேற்று அங்கே
பிளாஸ்கில் காபி கொண்டுபோய்
உட்கார்ந்து குடித்தேன்.
சாம்பல் நிறக் கடல். ஒரு பாய்மரம்கூட இல்லை.
இரண்டாவது மடக்கில் ஆறிவிட்டது.

கீழே, ஆளில்லாத துறையில்
கயிறு சுற்றிக்கொண்டிருந்த ஒரேஸ்தே
நிமிர்ந்து பார்த்தான்.
கயிற்றைக் கீழே போட்டுவிட்டு
இரண்டு கைகளையும் உயர்த்தி
ஏழு விரல் காட்டினான்.