நீள ஆணி

மூன்றாம் முறையும் காஸ் அடித்து
இருபதாம் நாள்
கேத்தல் மூக்கின் மூச்சை விட்டது
என் பழைய சன்னி.

மருதானைப் பாலத்தில் எதுவும் நகரவில்லை.
கலியாண அழைப்பிதழால் விசிறிக்கொண்டு
வதனி சொன்னாள்:
"பஸ்ஸில போயிருக்கலாம்."

பஞ்சிகாவத்தை ஒழுங்கையில் றிஸ்மி
முதலில் ஃபியூஸைப் பார்த்தான்.
கம்பிரசர் டக்கென்று பிடித்தது, அதில் பிழையில்லை.
குழாய் நெடுக சவர்க்கார நுரை பூசிக்
குந்தியிருந்தோம்
ஒரு குமிழிக்காக.

"ஒளிச்சிருக்கு அண்ணே" என்றான்,
யாரோ ஓர் ஆளைப்பற்றிப் போல.
சாயம் ஏற்றினான்.
"ரெண்டு நாள் ஓடிட்டு, இருட்டினாப் பிறகு வாங்க."

வியாழன். இஷா தொழுதுவிட்டு வந்து
கராஜ் விளக்கை அணைத்தான்.
ஊதா டோர்ச்
பானட்டுக்குள் மெல்ல நடந்தது.
கொன்டென்சரின் கீழ் மூலையில்
பச்சையாய் ஒரு பொட்டு,
காலிமுகத்துக்கு அப்பால் தரித்து நிற்கும்
கப்பல் விளக்கு மாதிரி.

அதற்கு நேர் முன்னால் இலக்கத் தகடு.
தகட்டில் ஒரு ஸ்குரூ ஆணி,
தேவைக்கு அரை இஞ்சி நீளம்.

"எந்த மடையன் அண்ணே இதைப் பூட்டினது?"

சித்திரை லீவில், வெறும் மேலோடு,
இருநூறு ரூபாய் மிச்சமென்று
வதனியிடம் இரண்டு தரம் சொன்ன
அந்த ஆளை எனக்குத் தெரியும்.

"முந்தி வைச்சிருந்தவராயிருக்கும்" என்றேன்.

கழற்றிக் கையில் தந்தான்.
இன்னும் சூடு.

காலி வீதி முழுக்கக் கண்ணாடி இறக்கி
உப்புக் காற்றில் வந்தேன்.
"என்னவாம்?"
"கல்லுப் பட்டதாம்."

ஆணி சட்டைப் பையில்.
நாளைக்குத் தோய்க்கிறவள்
அவள்.