மூணு சுழி

ஜீரோ கேட்டுக்கு முன்னால் நூத்திப் பதினோரு வண்டி.
எண்ணியது நானில்லை, கிளீனர் தாவீது.
எனக்கு வாசிக்க வருவதெல்லாம்
கன்டெய்னர் முதுகில் நாலு எழுத்து, ஏழு நம்பர்.
அதற்கு மேல் எழுத்து என்றால்
பிரேக் பிடிக்காத இறக்கம்.

அதையே மகளுக்கும் கொடுத்துவிட்டேனோ என்றிருந்தது.
கெசியா. ரெண்டாங்கிளாஸ். கொருக்குப்பேட்டை.
பாடப் புத்தகத்தைப் பிரித்தால்
முதல் வார்த்தையிலேயே நின்றுவிடுவாள்,
எண்ணூர் ரோட்டில் நிற்கிற டிரெய்லர் மாதிரி.
பின்னால் எத்தனை வார்த்தை ஹார்ன் அடித்தாலும்
அசைய மாட்டாள்.

தண்ணி லாரி வருகிற நாளில் மட்டும்
அவள் வாய் வேறு வாய்.
பச்சைக் குடம், மஞ்சக் குடம்,
விளிம்பு உடைந்த ஊதாக் குடம்.
கவிழ்த்து வைத்துத் தாளம் போடுவார்கள் பிள்ளைகள்.
யார் கட்டினது என்று கேட்டால்
பர்வீன் என்பாள் இவள். இவள் என்பாள் பர்வீன்.

    தண்ணி லாரி வந்தாச்சி
    கண்ணு முழிச்சி நின்னாச்சி
    எண்ணி எண்ணி ஏழு கொடம்
    எண்ண வாசம் ஏழாம் கொடம்

ஏழாம் குடம் எங்களுடையது.
வாசமும் நிஜம்தான்.

ஒருநாள் காஸ் பில்லின் பின்பக்கம்
பர்வீன் அதை எழுதிக் கொடுத்தாள்.
கெசியா விரல் வைத்தாள்.
வாய்க்கு எல்லாமே தெரிந்திருந்தது,
விரல்தான் பின்னால் ஓடியது
கிளம்பிவிட்ட பஸ்ஸைத் துரத்துகிற ஆளைப் போல.
தண்ணி, இங்க கீது.
கண்ணு, இங்க.
திடீரென்று விரல் நின்றது.
"யம்மா, எல்லா லைன்லயும்
ரெண்டாவதா நிக்கிறது ஒரே ஆளு!"
மீன் அலசிக்கொண்டிருந்த எஸ்தர்
ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாளாம்.
மூணு சுழி ண்.
நாலு வரியிலும் அதே இடத்தில்,
நகராமல்.

அன்றிலிருந்து அந்த ஆளைத் தேடி வேட்டை.
ரேஷன் கடைச் சுவரில் பிடித்தாள்:
மண்ணெண்ணெய் ஸ்டாக் இல்லை.
ஒரே வார்த்தைக்குள் நாலு தடவை!
கடைக்காரர் விரட்டும்வரை அங்கேயே நின்று வாசித்தாளாம்.
டீக்கடை பன்னுக்கும் மூணு சுழி போட்டு
'பண்ணு' என்று எழுதி
சிவப்பு மையில் வட்டம் வாங்கி வந்தாள்.
"கண்ணுக்கு உண்டாம், பன்னுக்கு இல்லியாம்.
எதுக்குப்பா?"
போனில் அழுகை.
நான் லைன் கட்டானதுபோல் 'ஹலோ, ஹலோ' என்றேன்.

இன்று ராத்திரி ஒரு போட்டோ வந்தது.
கோடு போட்ட தாள். பர்வீன் கையெழுத்து இல்லை,
எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன.

    ஆறு மணி ஆச்சி
    அப்பா வரல
    தட்டுல பயம் கீது
    உனக்குதான்

நாலு தடவை படித்தேன்.
எங்கள் வாயில் பழம், பயம்தான்.
வாழப்பயம், பலாப்பயம், சாத்துக்குடிப்பயம்.
வாயில் உள்ளதை அப்படியே எழுதியிருக்கிறாள்,
வேறொன்றுமில்லை.

ஆனால் போன மாதம் இதே வரிசையில்
சீட்டில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தான் அருள்சாமி.
வீட்டில் நாங்கள் தாழ்ந்த குரலில்தான் பேசினோம்.
அவள் தூங்குகிறாள் என்று நினைத்தோம்.
தட்டில் எதை மூடி வைத்திருக்கிறாய், கெசியா?
திங்கட்கிழமை டீச்சர் வட்டம் போட்டால் போடட்டும்.
நான் அந்த எழுத்தைத் தொடவில்லை.

"வாய்ஸ் போட்டுடுண்ணே" என்றான் தாவீது.
எப்போதும் அதுதான் போடுவேன்.
இன்று பெருவிரலால் தட்டினேன்.
வ.
அடுத்தது ரெண்டு சுழியா, மூணு சுழியா?
ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுப் பார்த்தேன்:
தண்ணி, கண்ணு, எண்ணி, எண்ண...
வண்
மூணு.

    வண்டி நகருது கண்ணு

அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன்.
முன்னால் நூத்தி ஒன்பது.
பெரிய பொய் இல்லை.
ரெண்டு வண்டி தூரம்.