கோழித் தூக்கம்

வாட்சோவில் நவம்பர் கடைசியில்
சூரியன் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடும்.
ஜனவரி நடுவில்தான் மறுபடி எட்டிப்பார்க்கும்.
இந்த ஊரில் இருட்டுக்குப் பஞ்சம் என்று சொன்னால்
என்னோடு பனி தள்ளும் வண்டி ஓட்டும் தூர்கைர்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

எங்கள் நிலவறையில் பஞ்சம்தான்.

போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிய செடி.
ஜனவரியில் ஊரே அதைக் குப்பையில் போட்டது.
சோல்ஃப்ரிட் போடவில்லை.
கிளை நறுக்கி, தொட்டி மாற்றி,
அலுமினியச் சட்டத்தில் நான்கு எல்.இ.டி. கட்டித் தொங்கவிட்டாள்.
பத்து மணிநேரம் வெளிச்சம்,
பதினான்கு மணிநேரம் கும்மிருட்டு.
அதில் ஒரு பொட்டு குறைந்தாலும்
மேல் இலைகள் சிவக்காதாம்.
அக்டோபர் முதல் தேதி ஆரம்பித்தாள்.
டிசம்பர் பத்து.
இன்னும் பச்சை,
கீரைக்கட்டுப் பச்சை.

அன்று அதிகாலை மூன்றுக்கு
கையுறை தேடி நிலவறைக்கு இறங்கினேன்.
சுவிட்ச் அணைந்திருந்தது.
விளக்கு அணையவில்லை.
ஒவ்வொரு மணியிலும் ஊசிமுனை அளவு ஊதா.
கண்ணை மூடிய மாதிரியும் இருந்தது,
யார் வருகிறார்கள் என்று பார்த்த மாதிரியும் இருந்தது.
கோழித் தூக்கம்.

‘பனி பார்த்துப் பார்த்து உனக்குக் கண் கூசிப்போச்சு’
என்றபடி இறங்கி வந்தாள்.
கதவைச் சாத்தினாள். பத்து வரை எண்ணினாள்.
அப்புறம் பேசவில்லை.
ஸ்க்ரூடிரைவர் டப்பாவைத் தரையில் கவிழ்த்தாள்.

டைமர் மேல்தான் முதல் சந்தேகம்.
எடுத்துவிட்டு நேராகச் சொருகினோம். ஊதா நகரவில்லை.
வயர் சுவிட்சுக்குள் கண் சிமிட்டும்
குட்டிச் சிவப்பு விளக்கு அடுத்தது;
பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதை நறுக்கி எறிந்தாள்.
கொஞ்சம் மங்கியது.
பாதித் திருடன் அகப்பட்டான்.
பெர்கனிலிருந்து அவள் அண்ணன் சொன்னான்,
‘பிளக்கைத் திருப்பிப் போடு, சுவிட்ச் தப்பான கம்பியை அறுக்குது.’
திருப்பினோம். மறுபடி திருப்பினோம்.
எப்படிப் போட்டாலும் அதே அரைக்கண்.

டெஸ்டரை வலது துளையில் வைத்தேன். எரிந்தது.
இடது துளையில் வைத்தேன். எரிந்தது.
டெஸ்டர் செத்துப்போச்சு என்று அலமாரியில் எறிந்தேன்.

செவ்வாய்க்கிழமை எலக்ட்ரீஷியன் மாரித் வந்தாள்.
பூட்ஸில் ஒட்டிய பனி உருகுவதற்குள் சொல்லிவிட்டாள்:
‘டெஸ்டர் நல்லாத்தான் இருக்கு.
இந்தத் தெருவுக்கு நியூட்ரலே கிடையாது.
வர்றது ரெண்டு கம்பி, ரெண்டிலும் உயிர்.
நீங்க ஒன்றைத்தான் அறுக்கிறீங்க.
மிச்சது சும்மா இருக்குமா,
சட்டத்து அலுமினியத்தைத் தொட்டும் தொடாமலும்
எர்த்துக்குக் கசியுது.
பழைய குண்டு பல்புக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.
இதுக்கு அதுவே விருந்து.’

இரண்டு கம்பியையும் ஒரே நொடியில் விடும் சுவிட்ச்.
விலை ஒரு சாப்பாட்டுக்கு ஆகும் காசு.
அவள் வந்துபோன கூலியில் மாதம் முழுக்கச் சாப்பிடலாம்.

அன்று மாலை நான்கு மணிக்கு
சோல்ஃப்ரிட் அதை அமுக்கினாள்.
‘டக்’ என்ற சத்தம் மட்டும் மிஞ்சியது.
எதிரே நின்றவள் எங்கே என்று
கையை நீட்டித்தான் கண்டுபிடித்தேன்.
பெயிண்ட் டப்பாவில் இடித்துக்கொண்டு
சிரித்தாள்.

கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.
எப்படிப் பார்த்தாலும் பிப்ரவரி கடைசி.
அதற்குள் சூரியன் வேறு திரும்பிவிடும்,
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைக்க வேண்டும் என்றாள்.
ஊரே கொடியும் பன்னுமாக
அந்த முதல் வெளிச்சத்தை வரவேற்கும் நாளில்
நாங்கள் மட்டும் உள்ளே
ஆணி அடித்துக்கொண்டிருப்போம்.

இரவு மூன்று மணி.
வண்டியைக் கிளப்பினேன். கூரை மேல் ஆரஞ்சு விளக்கு சுழன்று
பனிச் சுவரை, அஞ்சல் பெட்டியை,
நிலவறையின் சின்ன ஜன்னலைத் துடைத்துக்கொண்டு போனது.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது:
‘இனிமேல் சர்ச் பக்கம் நிறுத்து.’