நாற்காலிக் கணக்கு

முதல் நாள் நாற்பது நாற்காலி.
ஒரு தார்ப்பாய், நாலு சவுக்குக் கழி,
குழாய் ஸ்பீக்கர் ஒன்று.
வாடகை நோட்டில்
'சிப்காட் கேட், ஒப்பந்தத் தொழிலாளர்' என்று எழுதி
முன்பணக் கட்டத்தில் கோடு இழுத்தேன்.

இன்று பத்தொன்பதாம் நாள்.

உப்பனாற்றுப் பக்கம் காற்று திரும்பினால்
முதுநகரில் என் கடை வரைக்கும் வரும் கம்பெனி வாசம்,
அழுகின முட்டையில் நெயில் பாலிஷ் ஊற்றினாற்போல.
அங்கே ஒரே டிரம்மை ரெண்டு பேர் உருட்டுகிறார்கள்.
ஒருத்தர் சட்டை நீலம், இன்னொருத்தர் காக்கி.
நீலத்துக்கு மாசம் நாற்பத்தெட்டாயிரம்.
காக்கிக்குப் பதினொன்று,
அதிலும் ஏஜென்ட் கை நனைத்தது போக.
இருமல் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே அளவு.

இதெல்லாம் பாவாடை அண்ணன் மைக்கில் பேசித்தான்
எனக்குத் தெரியும்.
என் மைக். பழசு. நடுவில் கொய்ங் என்று கத்தும்.
கத்தும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி
'மொதலாளிக்குக் கேக்குது போல' என்பார்.
கூட்டம் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

ஒன்பதாம் நாள் மழை.
தார்ப்பாய் நிறைமாசமாய்த் தொங்கியது.
தைலம்மை கழியால் ஒரு குத்துக் குத்தித் தள்ளியதில்
பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டு முழுசாய் நனைந்தார்.
அவருக்கும் ஒரு நாற்காலி போட்டோம்.
நோட்டில் எழுதினேன்: நாற்பத்தொன்று.

பன்னிரண்டாம் நாள் கம்பெனியிலிருந்து போன்.
மஞ்சக்குப்பத்தில் மேனேஜர் வீட்டு விசேஷம்.
ஐந்நூறு நாற்காலி, வெள்ளை உறை, சாட்டின் முடிச்சு,
இரட்டை வாடகை.
'கேட்ல கெடக்கறதையும் எடுத்துருங்க,
எண்ணிக்கைக்கு ஆகும்ல.'
என்னிடம் மொத்தமே இருநூற்றறுபது.
அது அவருக்கும் தெரியும்.
ஃபைனான்ஸ்காரன் முகம் வந்து போனது.
தவணை பாக்கியோடு நிற்கிற மினிலாரியின் முகமும்.
'எல்லாம் கால் ஒடைஞ்ச சேர் சார்' என்றேன்.
அன்று சாயங்காலம் கேட்டில் இன்னும் முப்பது இறக்கினேன்.

அதுவரைக்கும் என்னைப் பற்றி
எனக்கு நல்ல அபிப்பிராயம்.

நேற்று ராத்திரி
தைலம்மை என் முன்னால் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்தாள்.
பத்து ரூபாய்க் காசுகள், நாலாய் மடித்த இருபதுகள்.
மீன் மார்க்கெட்டில் துண்டேந்தி வசூலித்தது,
கவுச்சி போகவில்லை.
வேண்டாம்மா, சும்மாவே இருக்கட்டும் என்றேன்.
அவளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.
'எழுதுங்க.
சும்மா குடுக்கறதும் கொறைச்சுக் குடுக்கறதும்
ரெண்டும் உங்க இஷ்டம்னு ஆயிடும்.
இஷ்டத்துக்குக் குடுக்காத, கணக்கா குடுன்னுதான
பதினெட்டு நாளா உக்காந்திருக்கோம்.'

எழுதினேன்.
வரவு எண்ணூற்று நாற்பது.
பாக்கியை அவளே கூட்டிச் சொன்னாள்.

திரும்பி வரும்போது ரயில்வே கேட் போட்டிருந்தான்.
லாரியில் ஏற்றி இறக்குகிற அய்யனாரப்பன்,
மூணு வருஷமாய் என்னோடு இருக்கிறவன்,
வாயே திறக்காதவன், கேட்டான்:
'மழ பேஞ்ச அன்னிக்கு எனக்கு அரக்கூலி போட்டீங்களேண்ணே,
அது எந்த நோட்டுல இருக்கு?'

கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது.
பெட்டிகளை எண்ணினேன்.
நாற்பத்திரண்டு வரைக்கும்
ஒரு பதிலும் வரவில்லை.

காலையில் நோட்டைத் தலைகீழாய்த் திருப்பிப்
பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.
அய்யனாரப்பன். மழை நாள், அரை.
தீபாவளிக்கு முந்தின ராத்திரி, ஒன்று.
தீமிதித் திருவிழா, விடிய விடிய,
பரோட்டா வாங்கித் தந்ததோடு சரி.
ஞாபகம் வர வர எழுதுகிறேன்.
பக்கம் போதாது போலிருக்கிறது.

இப்போது மணி பத்தரை.
கடைசி நாற்காலியை இறக்கிவிட்டு
அவன் லாரியில் ஏறவில்லை.
முன்வரிசையில், தைலம்மைக்குப் பக்கத்தில்
போய் உட்கார்ந்துவிட்டான்.
நான் ஆம்ப்ளிஃபயரை ஒட்டி நிற்கிறேன்,
வயரைச் சரிபார்க்கிறவன் மாதிரி.

மைக் கத்துகிறது.
பாவாடை அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டு
என் பக்கம் திரும்புகிறார்.